கோச்சி ஓடாத நாள்

மதினி,

பயணத்துக்கு ஒரு பை தேவைப்பட்டு, பரண்மேல் கிடந்த உங்கள் நீலப் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் தைல வாசனை முகத்தில் அடித்தது. கொடைக்கானலில் அது ஒன்றும் புதிதல்ல. பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே கடைக்குக் கடை அதுதான். ஆனால் இது கொழும்புக்குப் போய்வந்த தைலம். வழியில் ஒரு பாட்டில் கொட்டிப்போக, அதற்கு என்னைத்தான் திட்டினீர்கள். மூடியைச் சரியாகத் திருகாதது நீங்கள்.

சளி, தலைவலி, பஸ் குமட்டல், பூச்சிக்கடி என்று எதற்கும் நம் வீட்டில் ஒரே மருந்துதான். இலங்கையில் இருக்கும் உங்கள் அக்காவுக்கும் அதையே ஆறு பாட்டில் கட்டிக்கொண்டீர்கள்.

உங்களுக்குப் பத்து வயதிருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் குடும்பத்தை இங்கே அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகி, புருஷனோடு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரும் இரண்டு நாட்டுக்காரர்களானீர்கள். பிறகு கடிதம், ரொம்பப் பின்னால் போன். அக்கா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று அவர் மகன் சொன்ன நேரத்தில், அங்கே பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, தெருவெல்லாம் மாணவர்கள். அண்ணன் அதைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடே பத்தி எரியுது. இப்பப் போயி அங்க என்ன சோலி ஒனக்கு?"

"அக்காவப் பாக்கணும்" என்றீர்கள். அதோடு சரி, எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டீர்கள்.

அண்ணனுக்கு விமானம் என்றாலே பயம். எனக்கோ பாஸ்போர்ட் இருந்தது. மலேசியா போகிறேன் என்று எடுத்து, பக்கத்து வில்பட்டியைக்கூடத் தாண்டாமல் பீரோவில் கிடந்த பாஸ்போர்ட். அப்படித்தான் நான் துணைக்கு வந்தேன்.

"வெள்ளனே ரயிலப் புடிச்சுட்டா சாயங்காலம் அக்கா வீடு" என்று கணக்குப் போட்டு, விடிந்ததும் கொழும்பு லாட்ஜை விட்டுக் கிளம்பினோம். ஸ்டேஷனுக்கு ஒரு தெரு இருக்கும்போதே கூட்டம் எதிரே வந்தது. எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கையில் அட்டை, நெற்றியில் கறுப்புத் துணி, கைதட்டிக்கொண்டே ஒரு கோஷம். நான் நம் ஊர் ஊர்வலம் போல நினைத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை. கண்ணில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டது போல எரிந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு கடையின் மாடிப்படிக்குள் ஓடினீர்கள்.

அங்கே ஐந்தாறு மாணவர்கள். ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் யோசிக்கவே இல்லை. முந்தானையில் தைலத்தைக் கொட்டி, அந்தப் பிள்ளையின் மூக்கையும் நெற்றியையும் அழுத்தித் துடைத்துவிட்டீர்கள். அவள் வீறிட்ட வீறில் படியே அதிர்ந்தது. போலீஸ் புகையைவிட நம் வீட்டு வைத்தியம்தான் அவளை அதிகம் படுத்தியது.

"அம்மா, எண்ணெ பூச வேணாம், கூட எரியும். தண்ணி ஊத்துங்க" என்று ஒரு பையன் தமிழில் கத்தினான்.

நம்மிடமிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினீர்கள். ஊற்றிக்கொண்டே அவளிடம் பேசினீர்கள், சிங்களத்தில். "நங்கி, நங்கி" என்று நீங்கள் அழைத்தது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. தங்கச்சி என்று அர்த்தமாம். தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய பாஷை என்று பிறகு சொன்னீர்கள். நம் தெருவில் 'சிலோன்காரி' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இத்தனை காலம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தீர்கள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு உங்கள்மேல் வருத்தம்தான் வந்தது.

புகை அடங்கியபோது ஊரடங்கு போட்டுவிட்டார்கள். "கோச்சி ஓடாதும்மா" என்றான் அந்தப் பையன். அங்கே ரயிலுக்கு அதுதான் பேர். நீங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"இம்புட்டுத் தூரம் வந்தும் அக்கா மொகத்தப் பாக்காமப் போகணுமா?"

"எந்தப் பக்கம் போகணும்?"

"ஹட்டன்."

"எனக்கும் ஊரு அந்தப் பக்கந்தான். எங்க மாமா மரக்கறி லொறி ஓட்டுறாரு. மரக்கறி வண்டிக்கு பாஸ் இருக்கு. கேட்டுப் பாக்குறன்."

கரண்டில்லாமல் படிக்கிறோம், வீட்டில் பால்மாவு இல்லை, அதனால்தான் தெருவுக்கு வந்தோம் என்று காத்திருக்கும்போது அவன் சொன்னான். பெரிய வீரம் பேசவில்லை. கண் மட்டும் சிவந்து கிடந்தது. நம்மை ஏற்றிவிட்டு அவனும் அந்தப் பெண்ணும் மறுபடி கூட்டத்துக்குள் போனார்கள். நாம் காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து மலையேறினோம். வில்பட்டிக் காய்கறி லாரியைவிட இது மோசமில்லை என்றீர்கள்.

அக்கா இன்னும் அதே லயத்தில், அந்த வரிசை வீட்டில்தான் இருந்தார். உங்கள் தலையைத் தடவிப் பார்த்து, "ஒனக்கு நரச்சிருச்சாடி?" என்றார். பத்து வயசுப் பிள்ளையையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். இருந்த நாள் முழுக்க இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக் கிடந்தீர்கள்.

எழமாட்டார் என்று பயந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். போனது நீங்கள். போன மழைக்காலத்தில், மார் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தீர்கள். தைலம் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதைக் கொழும்பிலேயே நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

அக்காவுக்கு நான்தான் போனில் சொன்னேன். என்றைக்கு, எப்படி என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அவ கட்டுன சீல ஒண்ணு கொண்டாறியா?" என்றார்.

அதற்குத்தான் இந்தப் பை. உங்கள் பச்சைச் சேலையை மடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தைலம் இல்லை, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதான் அவளே போய்ட்டாளே. இனி அங்க என்ன சோலி ஒனக்கு?"

"அக்காவப் பாக்கணும்" என்றேன்.