திருப்ப மறந்த கசெற்

என் அன்பு அண்ணா,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மறுநாளே உங்கள் மகன் ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோர்னிங்சைட்டில் என் வீட்டுக்கு வந்தான். "மாமி, அப்பா இதை உங்களிட்ட குடுக்கச் சொன்னவர். வேண்டாமெண்டா சொல்லுங்கோ, கார்பேஜில போடுறன்" என்றான்.

திறக்காமலே தெரிந்துவிட்டது. நீங்கள் ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது வாங்கிய சிபிசி 464 கணினி. பச்சைத் திரை, விசைப்பலகையோடு ஒட்டியே வரும் கசெற் ரெக்கோடர்; அடிப்பதையெல்லாம் கசெற்றில்தான் கீச்சொலியாகப் பதிந்து வைக்கும். கனடா மின்சாரம் அதற்குப் போதாதென்று செங்கல் பாரத்தில் ஒரு ட்ரான்ஸ்போமர். "அண்ணான்ர முதல் பெஞ்சாதி உதுதான்" என்று ஊரிலிருந்து கடிதங்களில் பகிடி பண்ணுவேன். அப்படிப் பகிடி பண்ணவும் எங்களுக்கு ஒரு காலம் இருந்தது, இல்லையா?

அம்மா உங்களுக்குக் கடிதம் எழுதவில்லை; ஊரிலிருந்து ஒரு கசெற்றில் பேசி அனுப்பினார். பிறகு அதிக காலம் இருக்கவில்லை. நான் இங்கே வந்து இறங்கிய அன்றே அதைக் கேட்க வேண்டும் என்றேன். போட்டால் குரல் இல்லை, கணினியின் கீச்சொலிதான்.

"பிள்ளை, அம்மா சொன்னதெல்லாத்தையும் எழுத்தா அடிச்சு மற்றப் பக்கத்தில பதிவம் எண்டு நினைச்சன். கசெற்றைத் திருப்ப மறந்திட்டன், அம்மாவின்ர குரலுக்கு மேலயே பதிஞ்சு போச்சு. எழுத்து இருக்கு, வாசிக்கிறியா?" என்றீர்கள்.

"உங்கட எழுத்து ஆருக்கு வேணும்? அம்மாவின்ர குரலைத் தாங்கோ!"

அதோடு சரி. கலியாண வீடுகளில் கண்டால் ஒரு தலையாட்டல். நான் குத்திப் பேசியபோதெல்லாம் நீங்கள் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் அந்தக் கசெற்றும், உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தன. 'பிள்ளை, முதலில் மானிற்றரைப் போடு. ரன் என்று அடித்து, ரெக்கோடரை ஓடவிடு. கொஞ்சம் பொறு.' ரெக்கோடரின் ரப்பர் பெல்ற் புதிது. எனக்காக அதை எத்தனை தடவை மாற்றினீர்கள்?

பொறுத்தேன். பச்சைப் புள்ளிகளில் தமிழ் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் நீங்களே வரைந்திருக்கிறீர்கள். 'ண' மட்டும் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டியிருந்தது. அம்மா இருமிய இடத்தில் 'இருமல்' என்றுகூட அடித்திருக்கிறீர்கள். கடைசியில் இது:

"தங்கச்சி உன்னட்டத்தான் வந்து சேருவாள். அவள் கோவக்காரி. என்ன சொன்னாலும் நீ வாய் திறக்காதை, தம்பி. அவளுக்கு உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

அம்மாவின் சொல்லுக்காகவா அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? ஒரு தடவையாவது என்னை ஏசியிருக்கலாமே அண்ணா. நான்தான் பிழை. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இனி வழியில்லை.

கசெற்றின் மற்றப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அம்மா சொன்னதை, இருமலையும் விடாமல், நானே வாசித்து அதில் பதிவேன். எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துத்தான் அழுத்துவேன்.

உங்கள்
கோவக்காரத் தங்கச்சி