டாரன்பூல் ஹாலும் பதினான்கு வரிகளும்

ஜூன் 9, திங்கள்

காலையில் மூட்டம். பத்தரைக்கு மேல் நல்ல வெயில். பூங்காவில் மூன்று சுற்று. முழங்கால் பரவாயில்லை.

மௌரி அவென்யூ கடையில் வாங்க: கறிவேப்பிலை, முழு மிளகு (தூள் வேண்டாம் என்று மனைவி சரோஜா உத்தரவு), தைலம்.

மகன் கார்த்தியும் மருமகளும் எட்டு மணிக்கே ஆபீஸ். பேத்தி அனு சம்மர் கேம்ப். வீட்டில் நானும் ச.வும் மட்டும். அமெரிக்க விசா முடிய இன்னும் ஏழு வாரம்.

திருத்தம்: இருநூறு வரிக்கு மேல். இந்த வேலையைக் காட்டித் தந்தது கார்த்திதான், மார்ச்சில், நான் டிவி ரிமோட்டோடு சண்டை போடுவதைப் பார்க்கச் சகிக்காமல். ஆஸ்திரேலியாவில் ஒரு நூலகம் பழைய செய்தித்தாள்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. எழுத்தை இயந்திரம் படிக்கிறது. படிக்கிற லட்சணம் சொல்லும்படி இல்லை. படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரியைத் திருத்தலாம். திருத்திய பிறகுதான் அது தேடினால் கிடைக்கும். அதுவரை இருந்தும் இல்லாத மாதிரி.

கையில் அகப்பட்ட ஊர் டாரன்பூல். கோதுமை, ஆடு, ஒரு ரயில் நிறுத்தம், மூன்று சர்ச், இரண்டு மதுக்கடை. நூறு வருடத்துக்கு முந்தைய வாரப் பத்திரிகை. முப்பத்திரண்டு வருடம் பேரூராட்சியில் குப்பை கொட்டியவனுக்கு அது ஒன்றும் அயலூர் இல்லை.

இன்றைய வரத்து: நகர மன்றக் கூட்டத்தில் தெருவில் மாடு திரிவது பற்றி மறுபடியும் விவாதம், முடிவு இல்லை. மலர்க் கண்காட்சியில் ஊறுகாய்க்கு இரண்டாம் பரிசு வாங்கிய அம்மாள் நடுவரைத் திட்டி ஆசிரியருக்குக் கடிதம். ஊர் ஹாலில் டென்னிஸ் குழு நடனம், பியானோ சுதி சேரவில்லை என்று புகார்.

ச.: "அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு உக்காந்து மாடு புடிக்கிறீங்க?"

ஜூன் 10, செவ்வாய்

வெயில். ச.வுக்கு ரத்த அழுத்த மாத்திரை இன்னும் பன்னிரண்டு.

ஹெலனிடமிருந்து மெயில். டாரன்பூல் வரலாற்றுக் கழகத்தின் செயலாளர், எழுபது வயது. ஏப்ரலில் அவராகவே எழுதினார், கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரைத் திருத்துகிற ஆசாமி யார் என்று. கழகத்தில் மொத்தம் நான்கு பேர், ஒருவருக்குக் காது கேட்காது. நான் ஓய்வு பெற்ற செயல் அலுவலர் என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு மெயில். அவருடைய கல்யாணப் படம்கூட அனுப்பியிருக்கிறார். அதே ஹாலில் நடந்த கல்யாணம். பின்னால் மேஜை மேல் பீர் பீப்பாய்.

இப்போது அந்த ஹாலை மன்றம் விற்கப் போகிறது. அங்கே 18ஆம் தேதி மாலை விசாரணைக் கூட்டம். இடத்தை பியர்சி என்ற விதவை ஊருக்குத் தானமாகக் கொடுத்தார், என்றைக்கும் ஊருக்கே என்பது ஊர்க்காரர்கள் கட்சி. மூலப் பத்திரம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு பக்கத்துக்கும் பழைய பத்திரிகைதான் சாட்சி.

தேடித் தரட்டுமா என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்: சிரமம் வேண்டாம், நாங்கள் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டோம்.

இந்த வாக்கியம் எங்கோ கேட்டது போல இருந்தது. அப்போது பிடிபடவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூட்டம். பாத்திரம் கழுவும் மிஷினில் இரும்புத் தோசைக்கல்லைப் போட்டுவிட்டேன். தோசைக்கல் நாசம். ச.விடம் திட்டு, மதியம் வரை.

சும்மா இருக்க முடியாமல் தேடினேன். திறப்பு விழாச் செய்தியில் ஒன்றும் இருக்காது. மாலை போடுகிற இடத்தில் எவனும் நிபந்தனை பேச மாட்டான். ஏழெட்டு மாதம் முன்னால் போய், மன்ற நடவடிக்கைகளின் கடைசிப் பத்தியைப் பார்க்க வேண்டும். பார்த்தேன்.

அந்தப் பக்கம் முழுவதும் ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே திருத்தியவர் பெயர்: ஹெலன். ஆட்டுச் சந்தை, மரண அறிவிப்பு, சோப்பு விளம்பரம்கூட. ஒரு துண்டு மட்டும் இயந்திரம் கக்கியபடியே கிடக்கிறது. பதினான்கு வரி.

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். பியர்சி அம்மாளின் கடிதம், கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. இடத்தை ஊருக்குத் தருகிறேன். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு துளி மது ஊற்றக் கூடாது. ஊற்றினால் இடம் மன்றத்துக்கு, மன்றம் இஷ்டப்படி செய்துகொள்ளலாம்.

அம்மாளின் புருஷன் எப்படிச் செத்திருப்பான் என்று ஊகித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அந்த ஹாலில் பீர் இல்லாமல் ஒரு நடனம், ஒரு கிரிக்கெட் விருந்து, ஒரு கல்யாணம் நடந்ததாக நான் இதுவரை படிக்கவில்லை. ஊரே கூடி நூறு வருடம் மீறியிருக்கிறது.

இந்தப் பதினான்கு வரியைத் திருத்தினால், மன்றத்து வக்கீல் பியர்சி என்று தட்டியதும் வந்து நிற்கும். விட்டுவிட்டால் வராது. ஹால் தப்பிக்கும்.

சோப்பு விளம்பரத்தைத் திருத்தியவர் மறதியில் இதை விட்டிருக்க முடியாது. மறதியில் விடுபட்டால் பார்க்க வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

நடை போகவில்லை.

ஒரு முறையாவது எழுதி வைக்கிறேன். கடைசியாக நான் வேலை பார்த்த பேரூராட்சி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படிப்பகம், ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, ஆறு தினசரி. நடத்தியவர் ஞானப்பிரகாசம் வாத்தியார். தலைவருக்கு அந்த இடத்தில் வணிக வளாகம் வேண்டும். இது தானமாகக் கொடுத்த இடம், உங்கள் ஆபீசில் பத்திர நகல் இருக்கும், தேடிப் பாருங்கள் என்று வாத்தியார் மனுக் கொடுத்தார்.

தேடினேன். இரண்டாம் நாளே கிடைத்தது. பழைய பதிவேட்டில் தைத்து வைத்த ஒற்றைத் தாள், படிப்பகம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக. தலைவரிடம் காட்டினேன். தருமபுரிப் பக்கம் மாற்றலுக்கு ஒரு காலியிடம் இருக்கிறதாமே என்று மட்டும் கேட்டார். கார்த்தி அப்போது பிளஸ் டூ.

தையலைப் பிரித்துத் தாளை எடுத்துக்கொண்டேன். கோப்பில் எழுதினேன்: ஆவணம் ஏதும் காணப்படவில்லை. வாத்தியாரிடம் சொன்னது: "நல்லாத் தேடிப் பார்த்தாச்சு சார்."

கிழித்துப் போட மனம் வரவில்லை. தாள் இன்னும் ஊர் வீட்டுப் பீரோவில், இன்ஷூரன்ஸ் கவருக்குள். படிப்பகம் இருந்த இடத்தில் பேக்கரி, செல்போன் கடை, ஒரு ஜெராக்ஸ். புத்தகமெல்லாம் வாத்தியார் வீட்டு மாடிப்படிக்கு அடியில்.

ஏமாந்தவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார். "கிடைக்காட்டி என்ன சார், நீங்க நமக்காகத் தேடுனீங்களே." வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருடமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

எல்லோரும் வீட்டில். மதியம் சாம்பார், உருளை. காரின் பின்சீட்டில் அனு சிந்திய ஜூஸ் பிசுபிசுப்பு, துடைத்தேன்.

ச.விடம் டாரன்பூல் விஷயம் மட்டும் சொன்னேன். என் தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

"யாருக்கும் கெடுதல் இல்லையே. அந்தக் கட்டடம் பாட்டுக்கு நிக்கட்டுமே. நீங்க எதுக்கு ஊடால போறீங்க?"

கார்த்தி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்: "அப்பா, நீங்க எதையும் delete பண்ணலியே. Just ignore பண்ணிடுங்க. உங்களுக்கு அது volunteer work."

இரண்டும் சரியான வாதம்தான். அன்றைக்கு நான் மறைத்தேன், கட்டடம் இடிந்தது. இன்றைக்கு மறைத்தால் ஒன்று நிற்கும். கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நேராகாது.

நானே திருத்திவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அது ஹெலனைக் காட்டிக்கொடுப்பது. என்னை அன்றைக்கு ஒரு குமாஸ்தா காட்டிக்கொடுத்திருந்தால் நான் திருந்தியிருப்பேனா, அவனை மாற்றல் செய்திருப்பேனா. இரண்டாவதுதான்.

அனு சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "தாத்தா, are you sad or just sitting?"

சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "Okay" என்று போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

மூட்டம் விலகவே இல்லை. ஸ்வெட்டர்.

ஹெலனுக்கு மெயில், என் ஆங்கிலத்தில். டியர் மேடம் என்று தொடங்கி, படிப்பகம், தலைவர், தையல் பிரித்த தாள், மாடிப்படிக்கு அடியில் புத்தகம், எல்லாம். வாத்தியார் கையைப் பிடித்துக்கொள்வதையும். அவருடைய பதினான்கு வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று முடித்தேன்.

மூன்று மணிக்கு அனுப்பினேன். அங்கே செவ்வாய் காலை எட்டு.

ச. தேங்காய் துருவச் சொன்னாள். துருவினேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் பதில் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. மிளகு தீர்ந்துவிட்டது, மறுபடி கடை. வரிசையில் ஒரு அம்மாள் போனில்: "Green card வந்தா ஊருக்குப் போலாம்னு பார்த்தா, வந்தப்புறம் போகத் தோணல."

நான்கு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதினான்கு வரியும் திருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு எழுத்துப் பிழை இல்லை. திருத்தியவர்: ஹெலன்.

மெயில் அதற்குப் பிறகு வந்தது. அங்கே 18ஆம் தேதி விடிந்தாகிவிட்டது, இன்று மாலை கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தானே வாசிக்கப் போகிறாராம். ஊர் தன்னை மன்னிக்காது என்கிறார். பீப்பாய் தெரிகிற கல்யாணப் படத்தையும் எடுத்துப் போகிறாராம், மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று. ஹாலை வேறு வழியில் காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் முடியாது. கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் வாத்தியார் உயிரோடு இருக்கிறாரா?

இருக்கிறார். எண்பத்தொன்று.

ச.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாள். "அந்தக் கவரை நான் எத்தனை தடவை எடுத்துத் தூசி தட்டி வச்சேன்" என்றாள். போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

மாலை ஆறு. ஊரில் விடிந்து ஆறரை. வாத்தியார் இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"சார், அமெரிக்காவுலேர்ந்தா? சௌக்கியமா இருக்கீங்களா?"

"வாத்தியார் சார், அந்தப் படிப்பகத்துப் பத்திரம் என்கிட்டதான் இருக்கு. அன்னைக்கே கிடைச்சுது."

அங்கே காக்கை கத்துவது மட்டும் கேட்டது. லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இருக்கேன். சொல்லுங்க."