ஏலக்காரர் சொன்ன சாட்சி

இன்று தக்கலை மருந்துக்கடையில் அம்மாவின் மாத்திரைக்காக நின்றபோது, கண்ணாடி அலமாரியில் அந்த வால்வைப் பார்த்தேன். பெட்டி ஒரு பெரிய கம்பெனியுடையது, பெயரும் அவர்களுடையது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு மட்டும் உன்னுடையது. வீடு வரும் வரை உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு உன்னைத் தெரியாது.

தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்குப் பேச்சு நின்றுவிடும். குழாயின் வாயில் ஒரு சிறு வால்வைப் பொருத்தினால், விடுகிற மூச்சு குரல்வளைக்கு ஏறிப் பேச்சு வரும். கிடைத்த வால்வுகளெல்லாம் குளச்சல் உப்புக்காற்றில் சளியோடு ஒட்டிக்கொண்டன. ஒட்டாத சவ்வைச் செய்தது நீ. "முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பம், பிறகுதான் வெளியே" என்று கூட்டாளியாக நான் கரடியாய்க் கத்தினேன். நீ கேட்டாயா? குளச்சலில் மீன் ஏலம் விடும் லாரன்சு அண்ணன் அப்போது தொண்டையில் குழாயோடு வீட்டில் முடங்கிக் கிடந்தார்.

"ஏட்டி, ஏலக்காரனுக்கு சத்தம் இல்லேன்னா அவன் எப்பிடிப் பிழைப்பான்?" என்று முதல் வால்வை அவருக்கே கொண்டுபோய்ப் பொருத்தினாய். அந்த வாரமே அவர் துறைமுகத்தில் ஏலம் விட்டார். நீயோ சவ்வை மேலும் திருத்திக்கொண்டே இருந்தாய். விண்ணப்பம் ஒரு வருஷத்துக்கும் மேல் தள்ளிப் போய், ஒருவழியாகக் காப்புரிமை கிடைத்தது.

பிறகு அந்தப் பெரிய கம்பெனி நம் வால்வை அப்படியே செய்து விற்றது. வழக்குப் போட்டோம். நம் காப்புரிமையே செல்லாது என்று அவர்கள் எதிர்வழக்குப் போட்டார்கள். லாரன்சு அண்ணனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம் என்றார் நம் வக்கீல். நீதான் பிடிவாதம் பிடித்தாய். "செஞ்சது நானாக்கும்னு சொல்ல அவர விட்டா வேற யாரு?"

நாகர்கோவிலில், சாட்சியம் பதிவுசெய்யக் கோர்ட் அனுப்பிய ஆணையர் முன்னால் வெள்ளை வேட்டி கட்டி வந்து நின்றார் அண்ணன். எதிர்வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்: வால்வு எப்போது கிடைத்தது, வேறு யாராவது பார்த்தார்களா?

"ஒளிச்சு வைக்கதுக்கு இதென்ன களவு முதலா சார்? எனக்குக் குழாய் வச்ச வருசத்துக் கிறிஸ்மசுக்கு முன்னயே இந்தப் பிள்ளை தந்தது. கரையில எல்லாவனும் கேட்டான். வந்தவன் போனவனுக்கெல்லாம் கழத்திக் காட்டுனேன்லா!"

விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறியப் புழங்கிய பொருளுக்குக் காப்புரிமை நிற்காது. சோதனைக்கென்று சட்டம் தரும் ஒரு வருஷமும் தாண்டியிருந்தது. எதிர்வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். எனக்கு அண்ணனின் தொண்டையிலிருந்து அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. நிஜமாகவே.

வெளியே வந்ததும் அவர் உன்னைக் கேட்டார், "நான் சொன்னது நல்லாட்டு இருந்துதா மக்களே?"

"உங்களப் போல யாரு சொல்லுவா அண்ணே" என்று சிரித்தபடி அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தாய். பஸ்ஸில் என்னிடம், "அவரு சாட்சியிலதான் கேசு போச்சுன்னு அவருட்ட ஒருநாளும் சொல்லப்பிடாது, கேட்டியா. பிறவு வாயே தெறக்க மாட்டாரு, பாவம்" என்றாய்.

காப்புரிமை ரத்தானது. பட்டறையைப் பூட்டினோம். அடுத்த மழைக்குள் நீயும் போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். நான் அதை நம்பவில்லை.

துட்டி கேட்க அண்ணன் வந்தார். அவர் தொண்டையில் அந்தக் கம்பெனியின் வால்வு. நம்முடையதுதான் இனிக் கிடைக்காதே. உன் காலடியில் நின்று அவர் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. அழுது ஓய்ந்தபின் என்னிடம் வந்தார்.

"கேசு என்னாச்சு மக்களே?"

"நடக்கு அண்ணே."

"எப்ப வேணும்னாலும் விளி. வந்து இன்னும் ஒருக்கச் சொல்லுதேன்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் போன் செய்து கேட்கிறார். நடக்கிறது என்கிறேன். அடுத்த முறை இன்னும் உரக்கச் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறார். உன்மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை. ஆனால் நீ தொடங்கிவைத்த அந்தப் பொய்யை மட்டும் பிசகாமல் சொல்லிவருகிறேன்.