நேர் வகிடு

என் செல்லத்துக்கு,

நேற்று போனில், "நான் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாய். "படாத பாடு படுறேன்" என்றேன். அது பொய். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மில் மூடியபோது இடிந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன். நீ ஊரை விட்டுப் போய், யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாய். இங்கே நான் நம் மகளுக்குத் தலை வாரக் கற்றுக்கொண்டேன். முதல் நாள், "அப்பா, இது வகிடா, வாய்க்காலா?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது நேராக வருகிறது. அவள் பள்ளிக்குப் போனதும் ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்து, ஆற அமர ஒரு டீ. இத்தனை வருஷம் ஷிப்டு ஷிப்டாக ஓடியவனுக்கு அதுவே சொர்க்கமாக இருந்தது.

போன வாரம் மேஸ்திரி வந்தார். "மில்லைத் திறந்தாச்சுப்பா, எப்ப வர்ற?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் சேர்ந்தால் நீ அந்த வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

இன்று காலை தலை வாரும்போது மகள் கேட்டாள்: "அம்மா அங்க அந்தப் பாப்பாவுக்கும் இப்படித்தான் வாரிவிடுவாங்களாப்பா?"

பின்னலை அவசரமாக முடித்தேன். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போய், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பி வா. திட்டுவதை நேரில் திட்டு. ஸ்டேஷனில் மகள் ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொள்வாள். நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். நீதான் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்