பதினாலாவது குழியில் நீ மிதித்த மண்

கும்மிடிப்பூண்டி,
செப்டம்பர் 16.

மகன் இம்மானுவேலுக்கு, நைனா ஆசீர்வாதம் வாயால் சொல்ல, உன் அக்கா ஏஞ்சலின் கையால் எழுதும் கடிதம். நீ நலமா, நாங்கள் நலம் என்றுதான் முதலில் எழுத வேண்டும் என்று அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வரிக்கு இப்போது எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் வந்தால் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் "சரி நைனா, சரி நைனா, மாத்திர போட்டியா" என்று பேச்சை மூடிவிடுகிறாய். காகிதத்தை மூடினாலும் திரும்பப் பிரித்தால் அதே எழுத்து அங்கேயே இருக்கும். அதனால்தான் கடிதம். நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு சொல்லையும் இனிப்பாக்கக் கூடாது என்று உன் அக்காவிடம் மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வேன். எனக்கு எழுத்து தெரியாதே தவிர, சொன்னது எதுவும் மறக்காது. அவளுக்கும் அது தெரியும்.

போன மாதம் நீ உன் மேனேஜரோடு ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கும் அந்தப் பேர் போன கோல்ப் மைதானத்துக்குப் போய் ஆடினாய். மருமகள் சுகிர்தாவும் கூட நடந்து படம் எடுத்தாள். குடும்ப குரூப்பில் ஒன்பது படம் போட்டாய். நான் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினோரு வருஷம் பட்டணத்துக் கிளப்பில் அடுத்தவன் மட்டைப் பையைத் தோளில் சுமந்தவனின் பிள்ளை, அந்த ஆட்டம் பிறந்த நாட்டில் போய் மட்டை பிடித்து நிற்கிறான். ஏஞ்சலின் போனை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கே போனேன். எளாவூர் வீரராகவன், நெல் நிலம் வைத்திருக்கிறாரே, அவரிடம் காட்டினேன். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தக் கடல் காற்றில் பந்தை ஏன் உயரத் தூக்கக் கூடாது என்று எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்து, "ஏன்யா ஆசீர்வாதம், மாடு மேயாத புல்லுக்கு இத்தினி பேரா" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்புதான் வந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் குரல் மெசேஜ் வந்தது. ஏஞ்சலின் போட்டுக் காட்டினாள். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே சொல்கிறேன், தப்பு இருந்தால் சொல்.

"நைனா, பதினாலாவது குழியில ஒரே பேஜாரு. பந்து மண்ணுல வுழுந்துச்சு. நான் போய்ப் பாத்தா புல்லு மேல குந்திகினு இருக்குது. என் பைய தூக்குன கெழவன் எடுத்து வெச்சுட்டான். டிப்சுக்கு ஆசப்பட்டு வெச்சிருப்பான். மேனேஜர் பாத்துட்டு, இன்னா இம்மானு இதுன்னு கேட்டுட்டாரு. எனக்கு இன்னா தெரியும், கெழவன கேளுன்னுட்டேன். ஆபீஸ்லயும் சொல்லிட்டோம். இனிமே அவனுக்குப் பை குடுக்க மாட்டாங்களாம்." அதற்குப் பிறகு சிரித்தாய். சிரித்துவிட்டு, "எங்க நைனாவும் கோல்ப் ஆளுதான்னு மேனேஜர்கிட்ட சொல்லிவெச்சேன்" என்றாய்.

எனக்கு உடனே ஏதோ இடித்தது. கிளப்பில் நாங்கள் அறுபது பேர் பை தூக்கினோம். பந்து மண் பள்ளத்தில் விழுந்துவிட்டால் கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், கையால் எடுத்து வைத்தால் அது திருட்டு ஆட்டம். பை தூக்குகிறவன் அதன் பக்கத்திலேயே போக மாட்டான். இரண்டு கையும் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தள்ளி நிற்பான். குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பு கையில் இருந்தால் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்த சட்டம் இல்லை அது. பழி விழுவது எங்கள் மேல்தான் என்று எங்களுக்குத் தெரிந்ததால் எங்களுக்குள் வந்த பழக்கம். தாடி நரைத்த ஒருவன், அந்த வேலையிலேயே கிழவனானவன், டிப்சுக்காக மேனேஜர் பார்க்கும்போது பந்தைத் தொடுவானா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் சுகிர்தாவிடம் எடுத்த படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கு என்று ஏஞ்சலினிடம் சொன்னேன். நாற்பத்துமூன்று படம் வந்தது. அவள் ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. அனுப்பும்போது மாமா பார்க்கட்டும் என்று மட்டும் எழுதியிருந்தாளாம். அவளும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளிடம் இதைப் பற்றிக் கேட்டு நீ சத்தம் போட்டாய் என்று தெரிந்தால் அடுத்த கடிதம் இதைவிட மோசமாக இருக்கும்.

இருபத்தாறாவது படம். நீ பள்ளத்துக்குள் நிற்கிறாய். உன் தோள் உயரத்துக்குப் புல் சுவர். பந்து அந்தச் சுவருக்கு அடியில் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. அங்கிருந்து வெளியே எடுப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன், நல்ல நல்ல ஆட்டக்காரனே அங்கே நாலு அடி வீணாக்குவான். அந்தக் கிழவர் எங்கே? குழி இருக்கும் பச்சைப் புல்லில், உன்னிடமிருந்து நாற்பது எட்டுக்குக் குறையாமல் தள்ளி நிற்கிறார். உன் பை அவர் தோளில். இரண்டு கையும் கொடிக்கம்பில், நெஞ்சு உயரத்தில்.

இருபத்தேழாவது படம். பந்து மேலே புல்லில் உட்கார்ந்திருக்கிறது. நீ மட்டையை ஓங்குகிறாய். கிழவர் அதே இடம், அதே நிற்பு, அதே இரண்டு கை. எங்கேயோ பிறந்த வெள்ளைக்காரக் கிழவர், நாங்கள் நின்ற மாதிரியே நிற்கிறார், இம்மானு.

அப்புறம் படத்தை விரலால் பெரிசு பண்ணச் சொன்னேன். மண்ணைப் பார்த்தேன். மட்டை மண்ணைக் கிள்ளிய இடம் எங்கேயும் இல்லை. அடித்திருந்தால் மண் சிதறிக் குழி விழுந்திருக்கும். கால் தடம் மட்டும் இருக்கிறது. ஒரே ஆள் இறங்கி, ஒரே ஆள் ஏறின தடம். வலது கால் நேராக இருக்கிறது. இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, குதிகால் இழுத்த கோட்டோடு.

அந்தத் தடம் யாருடையது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வயதில் சோழவரம் ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டாய். கட்டுப் போட்டவர் ஒரு மாதம் அசையாதே என்றார், நீ பத்தாம் நாளே கட்டை அவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பந்து விளையாட்டுக்கு ஓடினாய். அன்றிலிருந்து நீ நடந்த மண்ணெல்லாம் அப்படித்தான். மழை பெய்த நாளில் வாசலில் நாலு பேர் தடம் இருந்தால் உன்னுடையது எது என்று உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

இன்னொன்றும் பார்த்தேன். மண்ணைச் சமன் செய்யும் கட்டை பள்ளத்தின் ஓரத்திலேயே கிடக்கிறது. மிதித்த மண்ணை இழுத்து விட்டுவிட்டு ஏற வேண்டும் என்று ஆறு வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதைச் செய்திருந்தால் இன்றைக்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதையும் அந்தக் கிழவர் வந்து செய்யட்டும் என்று விட்டுவிட்டாய்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். ஏஞ்சலின் எழுத மாட்டேன் என்கிறாள். "விலாசம் எழுதிக் குடுக்குற பாதர் கையில கெடைச்சா இன்னா ஆவறது நைனா" என்கிறாள். அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.                    நீயே நிரப்பிக்கொள்.

இப்போது சொல்லப் போவது உனக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. நான் கிளப்பை விட்டதற்கு முழங்கால் வலி என்று உங்களிடம் சொன்னேன். வலி ஒன்றும் இல்லை. எண்பத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் முதல் ரயில் பிடித்துப் போனேன். ஒரு மில் முதலாளியின் பை எனக்கு வந்தது. ஏழாவது குழிக்குப் போகும் வழியில் அவர் பந்து வேப்ப மரத்து வேரில் மாட்டிக்கொண்டது. அவர் பூட்ஸ் நுனியால் அதைத் தட்டிப் புல்லுக்குக் கொண்டுவந்தார். என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் அவர் கேட்ட துண்டைத் தேடி என் இரண்டு கையும் பைக்குள் இருந்தது. வெளியே இல்லை. கூட ஆடியவர் கேட்டதும் அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஆசீர்வாதம் நகர்த்திட்டான்" என்றார். என் பேர் அவருக்குத் தெரிந்திருந்தது, பார்.

எங்களுக்குத் தலைவராக இருந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையைக் கழற்றிக் கொடு என்றார். நாற்பத்தாறாம் நம்பர். கழற்றிக் கொடுத்தேன். அறுபது பேர் நின்று பார்த்தார்கள். மறுவாரம் இங்கே இரும்பு ஆலையில் பழைய இரும்பு இறக்கப் போனேன். இருபத்திரண்டு வருஷம் அதுதான். பட்டணத்தில் நான் கால் வைக்கவே இல்லை என்று நீங்கள் எல்லாம் கேலி பேசுவீர்கள். காரணம் உன் அம்மா கன்னியம்மாவுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லிடு என்று அவள் சாகிற வரைக்கும் சொன்னாள். திருடன் பிள்ளை என்று நீங்கள் ஒரு நிமிஷமாவது நினைத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். சொல்லவில்லை.

ஏஞ்சலின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் கோல்ப் ஆள் என்று மேனேஜரிடம் சொன்னாயே, பை தூக்கின ஆள் என்று சொன்னாயா? அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கிழவன் என்று விரலை நீட்ட உனக்குக் கை எழுந்திருக்காது. அந்த மில் முதலாளி மேல் முப்பத்தைந்து வருஷமாக எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். அவர் செத்துப்போய்விட்டார் என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டேன். அதைத் தூக்கி நீ என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாய்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த மைதானத்துக்குத் திரும்பப் போ. பை தூக்குகிறவர்களுக்கு அங்கேயும் ஒரு ஆபீஸ் இருக்கும், ஒரு தலைவர் இருப்பார். பந்தை எடுத்து வைத்தது நான்தான், அவர் தொடவில்லை என்று உன் வாயால் சொல். மெயிலில் சொல்லாதே, போய்ச் சொல். அவருடைய பேர் என்ன என்று கேள். நாற்பத்துமூன்று படத்தில் பதினேழில் அவர் இருக்கிறார், உன் மெசேஜில் ஒரு இடத்தில்கூட அவருக்குப் பேர் இல்லை. மேனேஜரிடமும் சொல். உன் வேலைக்கு ஏதாவது ஆகும் என்றால் ஆகட்டும். சுகிர்தா சொன்னாள், அங்கே குளிர் வந்துவிட்டால் ஆட வருகிறவர்கள் குறைந்துவிடுவார்களாம். அவருக்கு வேலை இருப்பது இன்னும் சில வாரம்தான். நீ இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாள்.

எனக்கு நாற்பத்துநாலாவது படம் ஒன்று வேண்டும். அவர் தோளில் பையோடு நிற்க வேண்டும், பக்கத்தில் நீ. அவர் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நீயும் சிரிக்காதே. கிறிஸ்துமசுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய். வராதே என்று சொல்ல எனக்கு மனசு இல்லை, வா. ஆனால் அந்தப் படம் உனக்கு முன்னால் வரட்டும். அது வராமல் நீ வந்தால் சோறு போடுவாள் ஏஞ்சலின், நான் எதிரே உட்கார மாட்டேன்.

ஊர்ச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. நேற்று நல்ல மழை, எளாவூர் வரைக்கும் லாரிகள் நின்றுவிட்டன. பின்பக்கத்துக் கூரையில் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறோம். வீரராகவன் இன்றைக்கும் கேட்டார், "இன்னாயா, புள்ள இன்னும் வேற படம் எதுனா அனுப்புனானா" என்று. இன்னும் வரவில்லை, வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதாமல் விட்ட வரிக்கு வருகிறேன். நீ நலமா? அந்த இடது கால் அங்கே குளிருக்கு வலிக்கிறதா? வலிக்கும். உன் அம்மா தேய்த்துவிட்ட எண்ணெயைக் காய்ச்சி ஏஞ்சலின் ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறாள். கடிதத்தோடு அனுப்ப முடியாது என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள், தனியாகப் பார்சலில் வருகிறது. படுக்கப் போகும் முன் முழங்காலிலிருந்து கீழே இழுத்துத் தேய். தேய்த்துவிட்டு, விடிந்ததும் அந்தக் காலோடு நடந்து போய் அவரைப் பார். மாதா உன் கூட நடந்து வரட்டும்.

உன் நைனா,
ஆசீர்வாதம்.
(கீழே இருப்பது நைனாவின் கட்டைவிரல் ரேகை. கையெழுத்து வேண்டாம், இதை அவனுக்கு அடையாளம் தெரியும் என்று சொன்னார். — ஏஞ்சலின்)