விதி நான்கு: ஒலி அறுபடக் கூடாது

நாள் 212, 08:40
வெஸ்டா குறுங்கோளைச் சுற்றும் கண்காணிப்பு நிலையம். பணியில் ஒரே ஆள், பொறியாளர் யோகாம்பிகை. காற்றழுத்தம் சரி. கரியமில வாயு 0.4 சதவீதம். சரக்குக் கலம் வர ஒன்பது நாள்.

பணி சாராத குறிப்பு: ‘கருக்கு’ என்ற கணினி விளையாட்டு நிலையை முடித்துவிட்டேன். ஒற்றைப் பொத்தான், மூன்று நிமிடம் நாற்பது நொடி, ஒரு முள்ளில் பட்டாலும் முதலிலிருந்து. பூமியில் தொடங்கி பதினான்கு மாதம் ஆடினேன். வேறு யாரும் இதுவரை முடிக்கவில்லை. மிகக் கடினமான நிலைகளை முடித்தவர்களைப் பதியும் கடுநிலைப் பட்டியலுக்குக் காணொளி அனுப்பினேன்.

நாள் 213, 10:15
நிராகரிப்பு. பட்டியலின் சரிபார்ப்பாளர் சகாயராஜ், தூத்துக்குடிக்காரன்.

“அக்கா, பின்னால பீப் பீப்னு சத்தம் வருது. பொத்தான அமுக்குத சத்தம் கேக்கல. விதி மூணு. இன்னொரு தடவ முடிச்சு அனுப்புங்க.”

இன்னொரு தடவையாம். இன்னொரு டீ போடச் சொல்வது போலச் சொல்கிறான்.

அந்த பீப், கரியமில வாயு வடிகட்டியின் விசிறி அதிர்வு எச்சரிக்கை. மாதம் இருமுறை சும்மா கத்தும். இப்போது நான்கு நாளாக ஓயவில்லை. உணரியின் வயரைப் பிடுங்கினேன். கட்டுப்பாட்டு அறைக்கு ‘பராமரிப்பு’ என்று எழுதிவிட்டேன்.

நாள் 216, 13:05
மறுபடி முடித்தேன். விரல் வீங்கிவிட்டது. அனுப்பினேன்.

நாள் 216, 15:50
“கோவப்படாதீயக்கா. ஆட்டம் அறுபத்திரெண்டு சதவீதத்துல இருக்கும்போது விசிறிச் சத்தம் ஏழு செகண்டு இல்ல. அப்புறம் திரும்ப வருது. ரெண்டு வீடியோவ ஒட்டுனாதான் அப்படி இருக்கும். விதி நாலு, ஒலி அறுபடக் கூடாது.”

ஒட்டினேனாம். உட்கார்ந்த இடத்தில் சுடச்சுட பதில் அடித்தேன்: “தம்பி, பூமியிலிருந்து இருபத்தஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி ஒத்தையா உக்காந்திருக்கேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? காதைக் கழுவிட்டுக் கேளு.”

நாள் 216, 17:00
அவனிடமிருந்து இன்னொரு செய்தி. திறக்கவில்லை. திறந்தால் வாயில் நல்ல வார்த்தை வராது. தலை வலிக்கிறது. எல்லாம் அவனால்தான்.

நாள் 217, 09:30
வலி குறையவில்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அவனையும் விதிகளை எழுதிய புண்ணியவான்களையும் திட்டி நான்கு பக்கம் மேல்முறையீடு எழுதினேன். எழுத்துப்பிழை நிறைய. வாயு அளவியைப் பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம்.

நாள் 218, 11:20
அவன் முகத்தில் அடிக்க வேண்டும் என்று மூலப் பதிவைத் திரும்பக் கேட்டேன். 62 சதவீதத்தில் ஏழு நொடி விசிறிச் சத்தம் இல்லை. 88-இல் இரண்டு நொடி. நான் வெட்டவில்லை. சத்தியமாக வெட்டவில்லை.

அப்படியானால் விசிறி நின்றிருக்கிறது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். நிலையத்தில் ஒரு சத்தமும் இல்லை. கரியமில வாயு 4.1 சதவீதம், பத்து மடங்கு.

நாள் 218, 12:40
விசிறியைப் பிரித்தேன். பேரிங் இறுகி, மோட்டார் கருகிக் கிடக்கிறது. கையிருப்பில் பேரிங் உண்டு, மோட்டார் இல்லை. முந்தாநாள் மாற்றியிருந்தால் கால் மணி நேர வேலை.

சகாயராஜின் செய்தியை இப்போதுதான் திறந்தேன்.

“அக்கா, நீங்க வெட்டலன்னா அந்த விசிறி நெசமாவே நின்னுருக்கணும். பட்டியல் கெடக்கட்டும். மொதல்ல போயி அதப் பாருங்க.”

முந்தாநாள் வந்தது. மடச்சி. மடச்சி. எவனைத் திட்டினேன் நான்.

நாள் 218, 14:00
கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டேன். கலம் வர மூன்று நாள். விண்ணுடைக்கு இரண்டு ஆக்சிஜன் புட்டி, பதினாறு மணி நேரம். கணக்கு யாருக்கும் புரியும்.

நாள் 219, 06:10
புட்டி இரண்டும் காலி. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். பதிவை ஓடவிட்டு ‘கருக்கு’ மறுபடி தொடங்குகிறேன்

இதைக் கண்டெடுப்பவர் காணொளியைத் தூத்துக்குடிக்கு அனுப்பவும். கை தெரிகிறது. பொத்தான் சத்தம் கேட்கிறது. எத்தனை சதவீதம் வரை போவேன் என்று தெரியவில்லை

தம்பி, விதி நாலைப் பார்த்துக்கொள். இந்த முறை ஒலி எங்கும் அறுபடவில்லை. முதலிலிருந்தே விசிறி