நாற்பது கத்தரிகள்

திருமுருகன்பூண்டி
11.7.2006

அன்புள்ள டேனியல் அண்ணனுக்கு, உன் தங்கை அன்புசெல்வி எழுதுவது.

நாங்கள் சௌக்கியம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். இருக்கிறோம், அவ்வளவுதான். லாரி ஓட்டும் மாரப்பண்ணன் லூதியானாவில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தார். அங்கிருக்கும் ஆட்கள் ரயிலேறி இங்கே பனியன் தைக்க வருகிறார்கள். நீ இங்கிருந்து ரயிலேறி அங்கே ஸ்வெட்டர் தைக்கப் போயிருக்கிறாய். முதலாளிகள் மட்டும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. சர்ச்சுக்கு நடந்தே போகிறாள். உன் ஊதாச் சட்டையை வாரம் தவறாமல் துவைத்துக் காயப்போடுகிறாள். யாரும் போடாத சட்டை எப்படி அழுக்காகும் என்று கேட்டால், "உனக்கென்ன தெரியும் கண்ணு" என்கிறாள்.

எனக்கு இன்றிலிருந்து மூன்று நாள் வேலை இல்லை. மகுடேஸ்வரன் முதலாளி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பட்டப்பகலில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது அதனால்தான். காரணம் ஒரு நாய்.

அவருடைய மகள் அனுப்பிரியா பெங்களூரிலிருந்து வரும்போது ராக்கி என்று தேன்நிறத்தில் ஒரு நாயைக் கொண்டுவந்தாள். அதைப் பழக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி வைத்திருந்தாள். கிளிக்கர் என்று பெயராம். நாய் சொன்னபடி உட்கார்ந்த நொடியிலேயே அதை அழுத்த வேண்டும். 'டிக்' என்று கேட்கும். உடனே ஒரு துண்டு கோழிக்கறி. நாள் போகப்போக, அந்தச் சத்தம் கேட்டாலே தான் செய்தது சரி என்று நாய்க்குத் தெரிந்துவிடும். தப்புச் செய்தால் அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. சத்தம் கொடுக்காமல் இருந்தால் போதும்.

பனியன் கம்பெனியை ஒட்டித்தானே அவர்கள் வீடு, கறித்தட்டைப் பிடிக்க என்னைப் பிசிறு வெட்டும் ஹாலிலிருந்து கூப்பிட்டார்கள். நான்கு வருடமாகத் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிறேன். நன்றாக வெட்டினாய் என்று ஒருவர் சொன்னதில்லை. நம் அப்பா முப்பது வருடம் அவர்கள் தோட்டத்தில் உழைத்தும் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. இந்த நாய் உள்ளே சோபாவில் தூங்குகிறது. வயிறு எரிந்தது. ஆனால் அண்ணா, வேப்பமரத்தடியில் அது என் முகத்தையே பார்த்தபடி உட்காரும்போது எனக்கு எதுவும் நினைவிருக்காது. அயர்ன் செக்ஷன் நீராவி எங்கள் இருவரையும் சுற்றிக்கொள்ளும். தையல் மெஷின்களின் சத்தம் எங்கோ மழை பெய்வதுபோல் கேட்கும்.

அனுப்பிரியா ஊருக்குக் கிளம்பும்போது டப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "நீ தெனமும் பழக்கிரு, உட்டா மறந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் என் கத்தரியை எடுத்தேன். அதே 'டிக்'. இரண்டே நாளில் ராக்கி அதற்குப் பழகிவிட்டது. ஹாலில் இன்னும் முப்பத்தொன்பது கத்தரி இருப்பது மட்டும் என் மண்டைக்கு உறைக்கவில்லை.

நேற்று கழுத்துப்பட்டி நழுவி, அது நேராக ஹாலுக்குள் ஓடிவிட்டது. டிக், டிக், டிக். நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தது. உட்கார்ந்தது. சத்தம் நிற்கவில்லை. படுத்தது, காலைத் தூக்கியது, உருண்டது. என்ன செய்தாலும் நாற்பது பக்கமிருந்தும் சரி, சரி என்று கேட்டால் அது என்னதான் செய்யும்? ட்யூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஆடுவதுபோல் ராக்கி ஆடியது. என் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த மயிலாத்தாள் அக்கா, "ஏங்கண்ணு, ஆளுக்கொரு துண்டுன்னா நாப்பது துண்டு கறிக்கு எங்க போவே?" என்று கேட்க, எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில், பேக்கிங்குக்கு அடுக்கியிருந்த வெள்ளை டீசர்ட்டுகள்மேல் சேற்றுக்காலோடு ஏறிவிட்டது. அப்போதுதான் முதலாளி வந்தார். அளவுக் கட்டையை எடுத்து ஓங்கினார்.

அது நீ நின்ற இடம் அண்ணா. அதே தூண். துணியில் எண்ணெய்க்கறை என்று அவர் உன்னைக் கன்னத்தில் அறைந்த அன்றைக்கு, உனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். நாற்பது கத்தரிகள். அதில் ஒன்று என்னுடையது. ஒரு நூல்கூட விடாமல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ராக்கி கட்டையைப் பார்க்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு எங்களைத்தான் பார்த்தது. சத்தம் நிற்காததால், இதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டது.

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். பிறகு மயிலாத்தாள் அக்கா வைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசிக் கத்தரியும் நின்றபோது, பஞ்சு தரையில் விழுவதுகூடக் கேட்கும்போல இருந்தது. "என்னங்கடி வேடிக்கை? வேலையப் பாருங்கடி" என்று முதலாளி கத்தினார். யாரும் எடுக்கவில்லை. ஓங்கிய கை எதற்கு ஓங்கினோம் என்று மறந்ததுபோல் கொஞ்சநேரம் மேலேயே நின்றது. பிறகு கட்டையை வீசிவிட்டுப் போனார். முதலில் யார் வைத்தது என்று சூப்பர்வைசர் கேட்டான். நான்தான் என்றேன்.

இன்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் அந்தத் தூண் பக்கத்தில் நீ நிற்கிறாய். உன் தலையெல்லாம் பஞ்சு. நாங்கள் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு சத்தமும் இல்லை. நீ திரும்பிப் பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போவேன். நீ அங்கே யாருக்கும் தலைகுனியாதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்காவது வா அண்ணா. வந்து அந்த ஊதாச் சட்டையை ஒருநாள் போட்டு அழுக்காக்கிவிட்டுப் போ. அம்மா துவைக்கட்டும்.

உன் தங்கை,
அன்புசெல்வி